சிவராணி எரித்த பெட்டி

பேசாலையில் கரண்ட் போனால் மெழுகுதிரி தேடுகிறவர்கள் குறைவு. படகுப் பற்றறியைத்தான் தேடுவார்கள். எந்த வீட்டிலும் ஒரு பற்றறி கடலுக்குப் போயிருக்கும், இன்னொன்று கதவு மூலையில் சாக்கின் மேல் குந்தியிருக்கும். அதிலிருந்து சிவப்பாக ஒன்றும் கறுப்பாக ஒன்றும் வயர் நீளும், நுனியில் பல்லுள்ள கிளிப்புகள். மின்குமிழ் எரிய, கைபேசிக்குச் சார்ஜ் ஏற, நத்தாருக்கு வைக்கிற யேசுபாலன் குடில் மினுங்க, எல்லாவற்றுக்கும் அந்த மூலைதான் கதி.

வெள்ளாங்குளத்தில் பிறந்த சிவராணிக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. அவளுடைய ஊரில் கரண்ட் போனால் 'போனது வரும்' என்று பாயை விரித்துவிடுவார்கள். மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய சனம் அது. நெல் தெரியும், நிலக்கடலை தெரியும், கடல் தெரியாது. மோட்டார்சைக்கிளில் மீன் விற்க வந்த பெனடிக்ற்றை விரும்பிக் கட்டிக்கொண்டு அவள் பேசாலைக்கு வந்து நாலு வருடமாகிறது. அந்த நாலு வருடத்தில் வலையிலிருந்து நண்டைக் கால் முறியாமல் கழற்றப் பழகினாள், கருவாடு புரட்டப் பழகினாள், செபமாலை முழுக்கச் சொல்லப் பழகினாள், பற்றறியில் வயர் கொளுவவும் பழகினாள். கடைசியாகப் பழகியதுதான் அவளைக் கவிழ்த்தது.

திங்கட்கிழமை விடியப் பெனடிக்ற் கடலுக்குப் போனான். கூடப் போகிற மரியதாஸ் காய்ச்சலில் படுத்திருந்தபடியால் தனியே போனான். வாடைக்காற்று தொடங்கிவிட்டது, அடுத்த கிழமை எல்லாருமாகப் படகுகளைத் தென்கடல் பக்கம் மாற்றுவதாக இருந்தது. 'விட்ட வலையை எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்குள்ள வந்திடுவன்' என்றான். மத்தியானம் வானம் கறுத்தது. காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது. இன்று புதன்கிழமை, அவன் இன்னும் வரவில்லை.

அவன் எங்கே இருக்கிறான் என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு பெட்டி இருந்தது. அதைத்தான் சிவராணி எரித்துவிட்டாள்.

பெட்டி ஒன்றல்ல, இரண்டு. செய்தவள் றொஷேல், பெனடிக்ற்றின் தங்கை, வவுனியாவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பிக்கிறவள். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் கைபேசி ஊமையாகிவிடும் என்பதற்காக அண்ணனுக்கென்று செய்து கொடுத்தாள். ஒரு பெட்டி படகின் கம்பத்து உச்சியில் இருந்து பத்து நிமிடத்துக்கு ஒருதரம் தான் நிற்கும் இடத்தை வானலையில் சொல்லும். மற்றது வீட்டுச் சுவரில் இருந்து அதைக் கேட்டு, சின்னத் திரையில் காட்டும். இரண்டுக்குள்ளும் ஒரே மாதிரி மைக்ரோகொன்ட்ரோலர், இரண்டு விரல் அகலப் பலகையில் ஒட்டிய மூளை. இரண்டுக்கும் ஒரே மாதிரிச் சாப்பாட்டுப் பெட்டி, ஒரே சிவப்பு வயர், ஒரே கறுப்பு வயர். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். வயிறுதான் வேறு. படகுப் பெட்டிக்குள் பற்றறியின் பன்னிரண்டு வோல்ற்றை ஐந்தாகக் குறைத்துக் கொடுக்கிற துண்டு ஒன்று இருந்தது. வீட்டுப் பெட்டி கைபேசிச் சார்ஜரில் ஓடியது, சார்ஜர் தருவதே ஐந்து வோல்ற் என்பதால் றொஷேல் அதற்கு அந்தத் துண்டை வைக்கவில்லை. செய்தவளுக்கு இது தெரியும். மூடியை வெளியிலிருந்து பார்க்கிறவளுக்கு என்ன தெரியும்?

திங்கள் மத்தியானம் முழுக்கச் சிவராணி கடற்கரையில் கருவாடு காயவைக்கிற வாடியில் நின்றாள். மழைக்கு முன் எல்லாவற்றையும் அள்ளவேண்டியிருந்தது. ஐந்து மணிபோல நனைந்தபடி வீட்டுக்கு ஓடிவந்தால் கரண்ட் இல்லை, பெட்டியின் திரை இருண்டு கிடந்தது. கரண்ட் போய்க் கால் மணித்தியாலம் இருக்கும் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சிவராணி யோசிக்கவில்லை. கதவு மூலைக்குப் போனாள். பெனடிக்ற் ஒவ்வொரு விடியலிலும் படகுப் பெட்டியைப் பற்றறியில் கொளுவுவதைப் பார்த்திருக்கிறாள். சார்ஜரோடு சேர்கிற இடத்தில் சுற்றியிருந்த ஒட்டுநாடாவை உரித்து, பெட்டியின் இரண்டு வயரையும் பிரித்தெடுத்தாள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. மாறிவிடக் கூடாதென்று இரண்டு தரம் பார்த்துத்தான் கிளிப்பைக் கடிக்கவிட்டாள். மாறவில்லை. திரை ஒருதரம் பளிச்சென்று வெள்ளையாய் எரிந்தது. பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம், பெட்டியின் ஓட்டையால் ஒரு நூல் புகை.

வெள்ளாங்குளத்துப் பெண்ணாகவே இருந்திருந்தால் அவள் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டாள். கரண்ட் வரும் என்று இருந்திருப்பாள். பேசாலைக்காரியாய் மாறியதால்தான் வந்த வினை இது. ஆனால் அதை யார் யோசிக்கிறார்கள்?

மாமி அந்தோனியம்மா நிச்சயமாக யோசிக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். இந்த மருமகள் உடைத்தது உண்மையிலேயே பொன்சட்டி, அதற்குள் மாமியின் ஒரே மகன் இருந்தான். திங்கள் பின்னேரம் தொடங்கியது ஏச்சு. செவ்வாய் முழுக்க நடந்தது. கோயிலுக்குப் போய் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்து அழுதுவிட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்ற முன்னமே திரும்பவும் தொடங்கும்.

"அவன் அங்க கிடந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இவள் இஞ்ச இருந்து கேக்கிற காதைச் சுட்டுப்போட்டாள். மண்ணில விளைஞ்சவளுக்குக் கடல்வீட்டுச் சாமான்ல என்ன வேலை? தொடாதை எண்டால் தொடாமல் இருக்கவேணும்."

யாரும் தொடாதே என்று சொல்லவில்லை. சிவராணி அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஏச்சு அவளுக்கு வேண்டியிருந்தது. மாமி ஏசுகிற ஒவ்வொரு சொல்லிலும் பெனடிக்ற் உயிரோடு இருந்தான். கூப்பிட்டுக்கொண்டு இருந்தான். இஞ்சின் நின்று, காற்று இழுத்து, இந்தியாப் பக்கத்து மணல்திட்டு ஒன்றில் ஏறி இருந்துகொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பெட்டியால் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கேட்க ஆளில்லாமல் போனதுதான் குறை. அந்தக் குறை தன்னுடையது என்று தலையில் அடித்துக்கொண்டு அழ அவளால் முடிந்தது. அழுகைக்குள் ஒரு ஆறுதல் ஒளிந்திருந்தது.

மரியதாஸும் அதையேதான் சொன்னான். காய்ச்சலோடு எழும்பி, மீனவர் சங்கத்துப் படகுகளைக் கூட்டிக்கொண்டு, செவ்வாய் முழுக்கத் தலைமன்னாருக்கு அங்கால் மணல்திட்டு மணல்திட்டாகத் தேடிவிட்டு வந்து வாசலில் நின்றான். நேவிக்காரரும் தேடுகிறார்கள் என்றான்.

"வாடைக்கு எல்லாம் அந்தப் பக்கம்தான் இழுக்கும் தங்கச்சி. திட்டில ஏறியிருப்பான், இல்லாட்டி ராமேஸ்வரத்துப் போட்காரர் ஏத்தியிருப்பினம். எந்த இடத்தில இஞ்சின் நிண்டது எண்டு மட்டும் தெரிஞ்சால் போதும், மிச்சம் நான் பாப்பன். அந்தப் பெட்டியை ஒருக்கா முழிக்கப் பண்ணுங்கோ."

வெள்ளத்தால் பாதை மூடியிருந்தபடியால் றொஷேல் செவ்வாய் பொழுதுபட்டுத்தான் வந்து சேர்ந்தாள். பையில் துணிமணி இல்லை, ஈயம் வைக்கிற கோலும் மீற்றரும் லப்டொப்பும் இன்னொரு மைக்ரோகொன்ட்ரோலரும் இருந்தன. அண்ணியைக் கட்டிப்பிடித்தாள், ஏசவில்லை. புதன் விடிந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, பெட்டியைத் திறந்தாள். கரண்டும் வந்திருந்தது.

முதலில் மூக்கை வைத்து மணந்தாள்.

"இஞ்ச பாருங்கோ அண்ணி," என்று ஒரு கறுப்புத் துண்டைக் காட்டினாள். அதன் முதுகு வெடித்துக் கொப்புளம்போல் எழும்பியிருந்தது. "இதுதான் ரெகுலேற்றர், வாற வோல்ற்றை இன்னும் குறைச்சு மூளைக்குக் குடுக்கிறது. இது மட்டும் செத்திருந்தால் பயமில்லை. புதுசு போடலாம். வாசல்காரன் அடிபட்டாலும் வீட்டுக்காரர் தப்பியிருக்கலாம்."

"தப்பியிருக்குமோ?"

"பாப்பம்."

சிவராணி பலகையை அசையாமல் பிடித்தாள். றொஷேல் மீற்றரின் இரண்டு ஊசிகளையும் இரண்டு இடத்தில் வைத்தாள். மீற்றர் கீச்சென்று கத்தியது. றொஷேலின் முகம் சுருங்கியது. கத்தக் கூடாத இடமாம், மின்சாரம் போகிற பாதையும் திரும்புகிற பாதையும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். வெடித்த ரெகுலேற்றரைச் சூடாக்கிக் கழற்றினாள். திரும்ப ஊசி வைத்தாள். திரும்பவும் கத்தியது. பக்கத்தில் இருந்த கடுகளவு துண்டு ஒன்றைக் கழற்றினாள். இந்த முறை மீற்றர் கத்தவில்லை.

"மாதாவே," என்றாள் சிவராணி.

புது ரெகுலேற்றர் வைத்து, ஐந்து வோல்ற் மட்டும் கொடுத்து, றொஷேல் மூளையின் தகர மூடியில் விரல் வைத்தாள். மூன்று எண்ண முன் விரலை இழுத்துக்கொண்டாள். தோசைக்கல்லைத் தொட்டவள்போல் விரலை உதறினாள்.

"சுடுகுது. வேலை செய்யாமல் சும்மா கொதிக்குது. உள்ளுக்க எரிஞ்சு போச்சு அண்ணி. ரெகுலேற்றர் சாகேக்க பன்னிரண்டையும் அப்பிடியே உள்ள விட்டிட்டுது. வானலை கேக்கிற துண்டும் அதோட சரி, நான் கொண்டுவந்த மூளையைப் போட்டாலும் இனிக் கேக்காது."

லப்டொப்பில் இணைத்துப் பார்த்தாள். வயரை மாற்றிப் பார்த்தாள். பொத்தானை அமத்திக்கொண்டு பார்த்தாள். தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தாள். செத்த பிள்ளைக்கு மருந்து பருக்குகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும், ஆனாலும் ஒன்பது மணிவரை விடவில்லை. குசினிக்குள் இருந்து அந்தோனியம்மாவின் குரல் வந்துகொண்டே இருந்தது.

"படிச்சவள் மூளையைப் போட்டுச் செய்தது. படியாதவள் ஒரு நொடியில சுட்டது. மூண்டு நாளாச்சு. என்ர பிள்ளை பச்சைத் தண்ணி இல்லாமல் கிடக்கிறான்."

"அம்மா, பிழை என்னிலயும் இருக்கு," என்றாள் றொஷேல் திரும்பாமல். "ரெண்டுக்கும் ஒரே வயர் வைச்சனான். அஞ்சு வோல்ற் எண்டு மேல எழுதி ஒட்டியிருந்தால் அண்ணி கொளுவியிருக்கமாட்டா. சோம்பல்ல விட்டிட்டன்."

"நீ அவளுக்கு வக்காலத்து வாங்காதை."

றொஷேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையைத் திருப்பினாள். பின்பக்கத்தில் ஐம்பது சத நாணயக் குத்தியளவில் இன்னொரு குட்டிப் பலகை ஒட்டியிருந்தது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து இருந்தாள்.

"அண்ணி, நான் மடைச்சி. மூளையையே பாத்துக்கொண்டிருக்கிறன். நினைவு இதிலயல்லோ கிடக்கு."

அது நேரம் பார்க்கிற துண்டு. அதோடு ஒரு சின்ன நினைவுச் சிப்பும் இருந்தது. பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அதில் ஒரு வரி எழுதிவைக்கும், கரண்ட் போனாலும் எழுதியது அழியாது. எழுதுகிற நேரம் மட்டும்தான் அதற்கு மின்சாரம் போகும், மற்ற நேரம் பூட்டியிருக்கும். பன்னிரண்டு வோல்ற் பாய்ந்த நேரம் அது பூட்டியிருந்தால் தப்பியிருக்கும். றொஷேல் இதை எல்லாம் கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். மூன்று நாளில் அந்த வீட்டில் ஒருத்தி சிரித்தது அப்போதுதான்.

"அப்ப அவர் கடைசியா எங்க நிண்டவர் எண்டு தெரியுமோ?"

"ஓம் அண்ணி. கரண்ட் போகும் மட்டும் வந்தது எல்லாம் இருக்கும். நாலே முக்காலுக்குக் கரண்ட் போனதெண்டால் நாலு நாப்பது வரைக்கும் இருக்கும்."

"வராட்டி?"

"வராட்டி சைபர் எண்டு எழுதும். எவ்வளவு தூரத்தில சிக்னல் அறுகுது எண்டு பாக்கிறதுக்கு நான் அப்பிடி எழுதி வைச்சனான்."

றொஷேல் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குட்டிப் பலகையைக் கழற்றத் தொடங்கினாள். சிவராணி அப்படியே இருந்தாள். சைபர் என்று வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.

மூன்று நாளாய் அவளுக்கு ஒரே கணக்குத்தான். பெட்டி எரிந்தது, அதனால் சத்தம் கேட்கவில்லை. பெட்டி எரியும்வரை சத்தம் கேட்டதா என்று அவள் ஒருதரமும் யோசிக்கவில்லை. மத்தியானத்திலிருந்து அவள் வாடியில் நின்றாள். மாமி கோயிலில் பூ கட்டினாள். திரையை யாரும் பார்க்கவில்லை. நாலு நாற்பதுவரை வரிகள் வந்திருந்தால், பிழை முழுக்க அவளுடையது, அவன் கூப்பிடக் கூப்பிட அவள்தான் காதைச் சுட்டவள், ஆனால் அவன் இருக்கிறான். அதற்கு முன்னமே சைபர் தொடங்கியிருந்தால்?

பெட்டி முழிக்கவேண்டும் என்று திங்கள் பின்னேரத்திலிருந்து நேர்ந்தவள், இப்போது முழிக்கவேண்டாம் என்று நினைத்தாள். நினைத்ததும் தன்னையே வெறுத்தாள்.

"அண்ணி, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ. கோல் சூடேறிட்டுது, நான் துடைச்சுக்கொண்டு வாறன்."

குட்டிப் பலகை சிவராணியின் உள்ளங்கையில் இருந்தது. புளியங்கொட்டை பாரம்கூட இல்லை. நினைவுச் சிப்பின் எட்டுக் கால்களும் தலைமயிர்த் தடிப்புத்தான். நகத்தால் ஒரு நெம்பு நெம்பினால் போதும். 'அதுவும் எரிஞ்சிட்டுதாம்' என்று றொஷேலே சொல்லிவிடுவாள். மாமி இன்னும் ஏசுவாள். இன்னும் ஒரு மாதம் ஏசுவாள், ஒரு வருடம் ஏசுவாள். அத்தனை நாளும் அவன் எங்கோ ஒரு திட்டில் இருந்துகொண்டே இருப்பான்.

ஆனால் மரியதாஸ் வாசலில் காத்துக்கொண்டிருந்தான். படகுக்கு எண்ணெய் அடித்துவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மதிலில் சாய்ந்து நின்றான். இடம் தெரிந்தால் போதும் என்று சொன்னவன் அவன்தான். உண்மையில் பெனடிக்ற் எங்கேயாவது கிடந்தால், கிடக்கிற இடத்தைத் தன் பயத்துக்காக மறைக்கலாமா? றொஷேல் திரும்பி வந்தபோது சிவராணி கையை நீட்டிப் பலகையைக் கொடுத்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்த றொஷேல் பசி என்று நினைத்தாள்.

"ஒரு வாய் தேத்தண்ணியாவது குடியுங்கோ அண்ணி."

"நீர் முதல்ல இதைப் பாரும்."

கொண்டுவந்த மைக்ரோகொன்ட்ரோலரில் நாலு வயர் போட்டு நினைவுச் சிப்பை இணைத்தாள் றொஷேல். லப்டொப்பில் எழுத்து ஓடியது. சிப் பதில் சொல்லவில்லை. சிவராணிக்கு மூச்சு வந்தது. றொஷேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து தேடினாள். சிப்புக்குள் மின்சாரம் நுழைகிற இடத்தில் ஒரு மண்மணியளவு துண்டு கருகியிருந்தது. "இது அடியை வாங்கிக்கொண்டு செத்திருக்கு," என்றாள். அதைச் சுற்றி வேறு வழியாக மயிரளவு வயர் ஒன்றை வைத்து ஈயத்தால் ஒட்டினாள். திரும்பவும் பொத்தானை அமத்தினாள்.

வரிகள் வந்தன.

ஒவ்வொரு வரியிலும் நேரம், இடம், படகுப் பற்றறி எத்தனை வோல்ற்றில் நிற்கிறது என்பது. றொஷேல் இடங்களைக் கடல் படத்தில் புள்ளியாய்ப் போட்டாள். விடிய ஐந்து பத்திலிருந்து பெனடிக்ற் ஒரு நேர்கோட்டில் வடக்கே போயிருந்தான். வலை விட்ட இடத்தில் புள்ளிகள் குவிந்து கிடந்தன. பதினொன்றரைக்குக் கரையை நோக்கித் திரும்பியிருந்தான். மழை வருமுன் வீட்டுக்கு வர வெளிக்கிட்டிருந்தான். சொன்ன சொல் தவறாதவன். பன்னிரண்டு நாற்பதுவரை கோடு நேராக வந்தது. பிறகு கோடு கோடாக இல்லை. கரைக்கு வராமல் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாய் இழுபட்டது.

"இஞ்சின் நிண்டிருக்கு," என்றான் மரியதாஸ். அவன் எப்போது உள்ளே வந்தான் என்று யாருக்கும் தெரியாது. "திருத்தப் பாத்திருப்பான். நங்கூரம் போட்டும் பாத்திருக்கிறான் போல, இந்த இடத்தில அசையாமல் நிக்குது."

றொஷேல் விரலால் வரிகளைக் கீழே தள்ளினாள். ஒன்று முப்பது. ஒன்று நாற்பது. ஒன்று ஐம்பது.

இரண்டு மணி, சைபர்.

இரண்டு பத்து, சைபர். இரண்டு இருபது, சைபர். சிவராணி எண்ணினாள். நாலு நாற்பதுவரை பதினேழு சைபர். பெட்டி நல்லபடி விழித்திருந்து, காதைத் தீட்டிக் கேட்டு, ஒன்றும் வரவில்லை என்று பதினேழு முறை எழுதிவைத்திருந்தது. அதற்குப் பிறகுதான் கரண்ட் போனது. அதற்கும் பிறகுதான் அவள் ஓடிவந்து பற்றறியைக் கொளுவினாள்.

இரண்டு மணிக்கு அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? வாடியில் சீலாக் கருவாட்டைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவள் ஏதோ பகிடி சொல்ல, வயிறு நோகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இனி வாழ்நாளில் அவள் தனக்கு மன்னிக்கமாட்டாள்.

"தூரமாப் போனதால அறுந்திருக்கும்," என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "என்ன றொஷேல்? தூரம் கூடினால் அறுகும் எண்டு சொன்னனீர்தானே?"

"பதினொரு கிலோமீற்றர்தான் அண்ணி. இருபத்தஞ்சுவரைக்கும் கேக்கும். நான் அண்ணாவோட போய்ப் பாத்தனான்."

"அப்ப பற்றறி இறங்கியிருக்கும்."

றொஷேல் கடைசி வரியைக் காட்டினாள். ஒன்று ஐம்பதுக்குப் பன்னிரண்டரை வோல்ற். பற்றறி நன்றாகத்தான் இருந்தது.

"பெட்டிக்க தண்ணி போயிருக்கும். மழைதானே?"

மெழுகு உருக்கி ஊற்றி, மூடியை ஒட்டி, ஒரு இரவு முழுக்கத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்துத்தான் றொஷேல் அந்தப் பெட்டியை அண்ணனிடம் கொடுத்தவள். கம்பம் ஆள் உயரத்துக்கும் மேல். அந்த உச்சி கடலுக்குள் போனால்தான் பெட்டியின் சத்தம் கேட்காது. மரியதாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அவனுக்குக் கடல் தெரியும். நங்கூரத்தில் நிற்கிற படகைக் குறுக்கு அலை என்ன செய்யும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

"அந்த இடத்தை எழுதித் தாங்கோ தங்கச்சி," என்றான் றொஷேலிடம். "நாங்கள் மணல்திட்டுப் பக்கமே தேடிக்கொண்டிருந்தனாங்கள். போட் அங்கால போகவேயில்லை."

றொஷேல் கடதாசியில் எழுதிக்கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, சிவராணியைப் பார்க்காமல், மரியதாஸ் போனான். மதிலுக்கு வெளியே நின்ற ஆட்களிடம் அவன் சொல்வது கேட்டது. வலையையும் ஏற்றுங்கோ, கயிறும் கொளுக்கியும் எடுங்கோ என்றான். உயிரோடு இருக்கிறவனைத் தேடப் போகிறவர்கள் தண்ணீர்ப் போத்தலும் பாணும் ஏற்றுவார்கள். நேற்று அதைத்தான் ஏற்றினார்கள்.

குசினியில் ஏச்சு எப்போது நின்றது என்று தெரியவில்லை. அந்தோனியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னவாம்?" என்றாள்.

றொஷேல் எழும்பிப் போய்த் தாயின் கையைப் பிடித்தாள். நல்லதாய் எதையாவது சொல்லத் தேடினாள். அவளிடம் நல்லதாய் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னாள்.

"அம்மா, அண்ணி கொளுவ முதலே நிண்டிட்டுது. மூண்டு மணித்தியாலத்துக்கு முதலே. அண்ணி எரிச்சதால ஒண்டும் இல்லையம்மா. அண்ணியில பிழையில்லை."

அந்தோனியம்மா மேசையைப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் கிடந்த கருகிய பலகையைப் பார்த்தாள். படிக்காதவள்தான், ஆனால் நாற்பது வருடம் கடற்கரையில் நின்று படகு எண்ணியவள். அவளுக்கு வரியும் புள்ளியும் விளங்கத் தேவையில்லை. மெல்ல நடந்து வந்து, மருமகளுக்குப் பக்கத்துக் கதிரையில் பாரத்தோடு இருந்தாள். மூன்று நாளாய் ஏறெடுத்துப் பார்க்காத முகத்தைப் பார்த்தாள். ஈரம் காயாத கையால் அவளுடைய தலையைத் தடவினாள்.

"உன்னில பிழையில்லைப் பிள்ளை," என்றாள். "நான்தான் வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டன். மனசில வைச்சிராதை."

சிவராணி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கட்டிக்கொண்டு வந்த நாலு வருடத்தில் மாமியை அவள் எதிர்த்தது அதுதான் முதல் தடவை. கதிரையிலிருந்து சரிந்து நிலத்தில் விழுந்து, மாமியின் இரண்டு முழங்காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ மாமி. நான்தான் எரிச்சனான். நீங்கள் சொன்னது சரி. அவர் கூப்பிட்டவர், நான்தான் கேக்கவிடாமல் செய்தனான். ஏசுங்கோ மாமி. நேத்து மாதிரி ஏசுங்கோ. மண்ணில விளைஞ்சவள் எண்டு ஏசுங்கோ. நிப்பாட்டாதேங்கோ மாமி, நீங்கள் நிப்பாட்டினால் அவர் இல்லை."

அந்தோனியம்மா அவளுடைய முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். ஏசத்தான் வாயைத் திறந்தாள். எத்தனை தேடியும் ஒரு சொல் வரவில்லை.